இடது தோளில் வைத்த பொட்டு

என் கணவரின் தம்பிக்கு எதிலும் பெரியதுதான் வேண்டும். வீட்டு டிவி பெரியது. விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கும் கார் பெரியது. பேச்சு இரண்டையும்விடப் பெரியது. அப்படிப்பட்டவன் ரோபோக்கள் சண்டைபோடும் ஒரு கணினி விளையாட்டைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தபோது தனக்கென்று எதை எடுத்துக்கொண்டிருப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் அவனுடைய ஐந்தறை வீட்டில் ஓர் அறையை இதற்காகவே ஒழித்துவைத்திருந்தான். நான்கு கணினிகள், பந்தயக் கார் இருக்கை மாதிரி நான்கு நாற்காலிகள், கண்ணைக் கூசவைக்கும் நீல விளக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கொழுந்தன், அவனுடைய மச்சான், என் கணவர், நான் என்று நாலு பேரும் போய் உட்காருவோம். மச்சான் கோயம்புத்தூரிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவன். வாரம் ஒரு நாள் அக்காள் கையால் சாப்பிடுவதற்காக அத்தான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவான். என் கணவர் அந்தச் சாப்பாடு இல்லாவிட்டாலும் தலையாட்டுவார்.

என்னை அவர்கள் ஆசைப்பட்டுச் சேர்க்கவில்லை. அணிக்கு நாலு பேர் வேண்டும், நாலாவதாக இருந்த கொழுந்தனின் நண்பன் வெளிநாட்டுக்கு வேலை மாறிப் போய்விட்டான். "அண்ணி சும்மாதானே இருக்காங்க, அவங்களை உக்கார வைப்போம்லா" என்றான் கொழுந்தன். அவன் அதைச் சொன்னபோது நான் அவன் வீட்டுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்த விளையாட்டில் ரோபோக்கள் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று வகை. ஓர் அணியில் நாலு பேரும் ஹெவி எடுத்துவிட முடியாது. குறைந்தது ஒருவராவது இறங்கிவர வேண்டும். மூன்று ஆண்களுக்கு மூன்று ஹெவி போக மிச்சமிருந்த மீடியம், பந்தியில் கடைசி இலைக்கு வரும் அப்பளத் தூள் மாதிரி என்னிடம் வந்தது. "அண்ணி, நீங்க எங்களுக்குப் பின்னாடியே வந்தா போதும். எதையும் தொடாதீங்க" என்றான். என் கணவர் அதற்கும் தலையாட்டினார்.

ஒவ்வொரு ரோபோவுக்கும் ஓர் எடை வரம்பு உண்டு. கவசம், எஞ்சின், துப்பாக்கி, சூட்டைத் தணிக்கும் கூலர் எல்லாவற்றையும் அந்த வரம்புக்குள் நாமே பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும். சுடச்சுட ரோபோவுக்குச் சூடேறும். சூடு மிஞ்சினால் அப்படியே மரம்போல நின்றுவிடும். ஓட்டுநர் உட்காரும் கண்ணாடி அறை ஒன்று எங்கேயாவது சின்னதாக இருக்கும். அதில் அடி விழுந்தால் மற்றதெல்லாம் பத்திரமாக இருந்தாலும் கதை முடிந்தது. அந்த அறை இருக்கும் இடம் ரோபோவுக்கு ரோபோ மாறும் என்பதால் எதிரியினுடையது எங்கே இருக்கிறது என்று தூரத்திலிருந்து கண்டுபிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

என் கொழுந்தன் தன் ஹெவியில் இடம் கண்ட பக்கமெல்லாம் துப்பாக்கியை மாட்டினான். கூலர் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பான். சண்டை தொடங்கியதும் நடுத்தெருவில் போய் நின்று ஓவென்று கத்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெடிப்பான். அதோடு சூடேறி, கரண்ட் போன கிரைண்டர் மாதிரி நின்றுவிடுவான். நிற்கிறவனை எதிரிகள் சாவகாசமாகச் சுட்டுத் தள்ளுவார்கள். உடனே ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் போட்டு, "பேக்கப் யாருமே குடுக்கலை" என்று எங்களைத் திட்டுவான். மச்சான் தன் ரோபோவில் குதிக்கும் கருவியை வாங்கி மாட்டிவிட்டு, காரணமே இல்லாமல் எழும்பி எழும்பிக் குதிப்பான். என் கணவர் தன்னுடையதில் எதையுமே மாற்றவில்லை, தம்பி மாற்றிக் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டார். இவர்கள் மூன்று பேரும் என்னைப் பின்னாடி வரச் சொன்னவர்கள்.

விமானத்தில் எந்தச் சரக்கை எங்கே ஏற்றினால் எடை ஒழுங்காக நிற்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்கிறேன். இந்தக் குடும்பத்தில் ஒருத்தர்கூட அது என்ன வேலை என்று கேட்டதில்லை. "ஏர்போர்ட்ல இருக்கா" என்பதோடு அவர்களுக்கு முடிந்துவிடும். அந்த மீடியத்தின் எடைப் பட்டியல் முதல்முறை திரையில் விரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாள் முழுக்கப் பார்ப்பதுதான். ஆனால் இங்கே எனக்கு மேலே கையெழுத்துப் போட யாரும் இல்லை.

முதல் காரியமாக இடது கையில் இருந்த பெரிய பீரங்கியைக் கழற்றி எறிந்தேன். அது மிச்சப்படுத்திய எடையில் ஒரு பங்கை எஞ்சினுக்கும் ஒரு பங்கைக் கூலருக்கும் கொடுத்தேன். மற்றதையெல்லாம் அதே இடது கையிலும் தோளிலும் கவசமாக ஏற்றினேன். ஆயுதம் வலது பக்கம் மட்டும்தான். கொஞ்சமாக, ஓயாமல் சுடக்கூடியதாக. கால்கள் ஒரு பக்கம் நடக்க, இடுப்புக்கு மேலே இன்னொரு பக்கம் திரும்பலாம். ஆகவே கட்டடத்தின் மூலையில் ஒளிந்திருந்து வலது பக்கத்தை மட்டும் நீட்டிச் சுடுவேன், சுட்டதும் உடம்பைத் திருப்பி இடது தோளைக் கொடுத்து அடி வாங்கிக்கொள்வேன். திரும்பும் வேகம், கால் வைக்கும் அகலம் என்று வாரத்துக்கு ஒன்றாகச் சரிசெய்தேன். சில மாதங்களில் அது என் கை நினைத்ததைச் செய்தது.

கொழுந்தன் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, ஒரு கை மொட்டையா இருக்கு" என்று சிரித்தான்.

எனக்கு அதன்மேல் பிரியம் வந்துவிட்டது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. புக்கிட் பாஞ்சாங்கில் நாங்கள் இருக்கும் வீட்டின் சுவர் நிறம்கூட மாமனார் சொன்னதுதான். அந்த மீடியத்தில் இருந்த ஒவ்வொரு ஆணியும் நான் வைத்தது. ஒரே ஒரு பயம்தான். ரோபோக்கள் எல்லாமே கொழுந்தனின் கணக்கில் இருந்தன. அவன் நினைத்தால் யாருடையதையும் எடுத்து யாருக்கும் கொடுக்கலாம். என் கணவர் ஆசையாக வைத்திருந்த ஒரு ஹெவியை ஒரு நாள் கேட்காமல் எடுத்து மச்சானுக்குக் கொடுத்தான். "பரவால்ல, தம்பி சின்னப் பையன்தானே" என்றார் இவர். அந்தச் சின்னப் பையனுக்கு முப்பத்திரண்டு வயது. என் மீடியத்தையும் அப்படி ஒருநாள் எடுத்துவிடுவானோ என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்ததும் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

தீபாவளிக்கு முன்னால், லிட்டில் இந்தியாவில் இந்த விளையாட்டுக்குப் போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கொழுந்தன் எங்கள் பெயர்களைக் கொடுத்தான். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஆயுதபூஜை வந்தது. பட்டறையில் சுத்தியலுக்கும் ஆபீசில் கம்ப்யூட்டருக்கும் வைப்பது போல, மவுஸ், கீபோர்டு, ஹெட்செட் எல்லாவற்றையும் ஒரு பலகையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தான். சந்தனம் காய்ந்து மச்சானின் மவுஸ் பொத்தான் இறுகிப்போனது தனிக் கதை. அதோடு விட்டானா? "இதுக்கெல்லாம் வெச்சாச்சு, ரோபோவுக்கு வைக்க வேணாமா?" என்று கேட்டான். அந்த விளையாட்டில் ரோபோவின் மேல் விதவிதமான ஸ்டிக்கர் ஒட்டலாம். பளிச்சென்று சிவப்பில் ஒரு வட்டம் தேர்ந்தெடுத்து, மூன்று ஹெவிகளுக்கும் நெற்றியில் பொட்டு வைத்தான்.

நெற்றி என்றால் ஓட்டுநர் அறை. எதிரி தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரே இடத்தில், இங்கே சுடு என்று சிவப்புக் குறி போட்டுக் கொடுத்தான்.

"தம்பி, அது காக்பிட். தூரத்துல இருந்தே தெரியும்" என்றேன்.

"சாமி விஷயத்துல விளையாடாதீங்க அண்ணி. பொட்டை நெத்தியில வைக்காம முழங்கால்லயா வைப்பாங்க?"

"சொன்னா செஞ்சிடேன். அதுல என்ன இருக்கு" என்றார் என் கணவர்.

செய்தேன். என் ரோபோவுக்குத் தலை என்று தனியாக எதுவும் கிடையாது. அதன் ஓட்டுநர் அறை நெஞ்சுக்குள் ஒடுங்கி இருக்கும். இடது தோள்தான் கொஞ்சம் புடைத்துத் தலை மாதிரி தெரியும். அதில் பொட்டை ஒட்டினேன். கொழுந்தனுக்கு முகம் சுருங்கியது, ஆனால் பொட்டு வைத்தாகிவிட்டதால் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பெரிய திட்டம் எதுவும் இல்லை. என் ஓட்டுநர் அறை மேல் அந்த அசட்டுத்தனம் வேண்டாம் என்பதுதான்.

போட்டி ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி மண்டபத்தில் நடந்தது. கீழே தெருவில் தீபாவளிக் கூட்டம். மேலே ஏசியில் வரிசையாகக் கணினிகள், சண்டையை எல்லோரும் பார்க்க மேடையில் ஒரு பெரிய திரை. காலைச் சுற்றில் எங்களுக்கு வந்த அணி எங்களைவிட மோசம், தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். கடைசிச் சுற்றுக்கு வந்த இன்னொரு அணி, கறுப்புச் சட்டை போட்ட பாலிடெக்னிக் மாணவர்கள். காலையில் நாங்கள் விளையாடியதை எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்திருந்தார்கள். "டேய், அந்த ரெட் டாட்டைப் பாருடா. காக்பிட் மேலேயே ஒட்டி வெச்சிருக்காங்கலா!" என்று ஒருவன் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது.

இடைவேளையில் கொழுந்தனிடம் போய்ச் சொன்னேன். ஸ்டிக்கரை எடுப்பது ஒரு நிமிட வேலை, எடுத்துவிடுங்கள் என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "பொட்டைக் கலைக்கச் சொல்றீங்க. அதுவும் ஒரு சுமங்கலி, நல்ல நாள் அதுவுமா."

உன் ரோபோ யாருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது. மச்சான் பயபக்தியுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இரண்டு பட்டம் வாங்கியவன். நான் என் நாற்காலிக்குத் திரும்பி, வலது காலில் இருந்து கொஞ்சம் கவசத்தை உருவி இடது தோளில் ஏற்றினேன்.

கடைசிச் சண்டையில் கொழுந்தன் வழக்கம்போல நடுத்தெருவுக்குப் போனான். ஓவென்று கத்தி எல்லாவற்றையும் வெடித்ததில், நியாயமாகச் சொல்ல வேண்டும், எதிரியில் ஒருவன் காலியானான். பிறகு சூடேறி நின்றான். அவன் பொட்டில் இரண்டே குண்டு விழுந்தது, ஆள் அவுட். மச்சான் வேடிக்கை பார்ப்பதற்காக ஒரு குதி குதித்தான். ஆகாயத்தில் பொட்டு தனியாக ஜொலித்தது. கீழே வரும்போது உயிரில்லை. என் கணவர், "தம்பி, இப்ப என்ன செய்யணும்?" என்று ஏற்கெனவே செத்துப்போனவனிடம் கேட்டுக்கொண்டு நின்றபடியே போய்ச் சேர்ந்தார்.

மிச்சம் நான் ஒருத்தி. எதிரில் மூன்று பேர். கொழுந்தன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "அண்ணி, லெஃப்ட்! பின்னாடி ஓடுங்க! ஐயோ, அடிங்க!" என்று கத்தினான். செத்தவர்களுக்கு எவ்வளவு யோசனை! அவன் குரல் கேட்காதபடி ஹெட்செட்டின் சத்தத்தைக் கூட்டினேன்.

அந்தப் பிள்ளைகள் நன்றாகக் குறி பார்ப்பவர்கள். குறி தவறவே இல்லை. சுட்டதெல்லாம் பொட்டில்தான் விழுந்தது. என்னிடம் இருந்த கவசத்தில் பாதி அங்கேதான் இருந்தது. அடிக்க அடிக்க நான் சாகவில்லை என்றதும் அவர்களுக்குப் பதற்றம் வந்து இன்னும் வேகமாகச் சுட்டார்கள். ஒருவன் சூடேறி நின்றுவிட்டான். மூலையிலிருந்து வெளியே வந்து அவனை முடித்துவிட்டு மறுபடி தோளைத் திருப்பினேன். கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி மற்ற இருவருக்கும் தண்ணி காட்டினேன். இரண்டாமவன் விழுந்த கொஞ்ச நேரத்தில் என் இடது கை தோளோடு பிய்ந்து தெருவில் விழுந்தது. மூன்றாமவன் அதோடு நான் முடிந்தேன் என்று நினைத்து ஒரு நொடி நின்றான். எனக்கு வலது கை இருந்தது.

மண்டபத்தில் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கடைசியாக எப்போது வந்தது என்று நினைவில்லை.

கோப்பையைக் கொழுந்தன் போய் வாங்கினான். மைக்கைப் பிடித்து டீம் வொர்க் பற்றிப் பேசினான். கீழே இறங்கிவந்து, "பாத்தீங்களா அண்ணி, பொட்டு வெச்சது வீண்போகலை. சாமி காப்பாத்திருச்சு" என்றான். அந்தச் சாமி அவனை மட்டும் ஏன் முதல் ஆளாகக் கைவிட்டது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அந்த மாணவர்களில் ஒருவன்தான் என்னைத் தேடி வந்தான். "ஆன்ட்டி, அந்த மீடியம் உங்க பில்டா? ஷோல்டர்ல டாட் வெச்சு எங்களை நல்லா ஏமாத்திட்டீங்கலா. சூப்பர் பில்ட். இந்தப் போட்டியிலயே பெஸ்ட் ரோபோ அதுதான்" என்றான். பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தனின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு ஏதோ யோசனையில் ஆழ்ந்தான். அவன் யோசிப்பது அபூர்வம் என்பதால் நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

சாப்பிடப் பக்கத்துத் தெருவில் இருந்த வாழையிலைக் கடைக்குப் போனோம். கோப்பையை மேசை நடுவில் வைத்தான், பரிமாறுகிற ஆள் அதைச் சுற்றிக்கொண்டு சாம்பார் ஊற்றினார். இரண்டாம் சாதம் வந்தபோது கொழுந்தன் தொண்டையைக் கனைத்தான்.

"அண்ணி, அடுத்த வாரத்துல இருந்து மீடியத்தை நான் எடுத்துக்கறேன். நீங்க என் ஹெவியை எடுத்துக்குங்க. உங்களுக்கு அது ப்ரமோஷன்லா."

மச்சான், "ஆமாக்கா, ஹெவி உங்களுக்கு சேஃப்" என்றான்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து ஒரே ஒரு முறை, "அது அவளோடது" என்று சொல்லியிருந்தால் போதும். அவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "குடுத்துடேன். உனக்கென்ன, எதைக் குடுத்தாலும் நீ ஓட்டிடுவே" என்றார். பாராட்டுகிறாராம்.

கொழுந்தனின் ஆசைகூட எனக்கு வலிக்கவில்லை. இதுதான் வலித்தது.

"இத்தனை வருஷமா குடுத்ததை வெச்சுத்தானே ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்றேன். "இது யாரும் குடுத்ததில்ல. நானா கட்டினது. குடுக்க மாட்டேன்."

என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்தன் சிரிக்கப் பார்த்தான். "அண்ணி, அக்கவுண்ட் என் பேர்ல இருக்கு."

"அப்ப நாலாவது சீட்லயும் நீயே போய் உக்காந்துக்க." இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவனை நீ என்று சொன்னேன்.

மச்சான் அவசரமாகத் தன் அப்பளத்தை நொறுக்கினான். பாயசம் வந்தபோது கொழுந்தன், ஏதோ தர்மம் போடுகிறவன் மாதிரி, "சரி அண்ணி, நீங்களே வெச்சுக்குங்க" என்றான். நான் நன்றி சொல்லவில்லை. பாயசத்தைக் குடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

லிட்டில் இந்தியாவில் ஏறினால் புக்கிட் பாஞ்சாங் வரை மாறாமல் ஒரே ரயில். எங்கள் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. இரண்டு நிலையம் தாண்டும்வரை அவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நிஜமாகவே ஆச்சரியப்பட்டவர் போல என்னைப் பார்த்துச் சொன்னார்: "அது உனக்கு அவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

எத்தனை மாதம், எத்தனை ஞாயிற்றுக்கிழமை. அவர் முழங்கை என் முழங்கையில் இடிக்கும் அளவுக்குத்தான் அந்த நாற்காலிகளுக்கு நடுவே இடைவெளி.

"பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க" என்றேன்.